பாய் வீட்டு மஞ்சள்

ஓய்வு பெற்ற பிறகுதான் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் தெருக்களைப் பார்த்தேன். கடுகு மஞ்சள் சுவர்கள், வெள்ளைக் கரை, மதிலில் காகிதப்பூ. வாசலுக்கு வாசல் நின்று மனைவியைப் படமெடுக்கச் சொன்னேன். கும்மிடிப்பூண்டி பெயிண்ட் ஆலை ஒன்றில் முப்பது வருடம் வேதியியல் பார்த்தவன் நான். நிறத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்போடு ஊர் திரும்பினேன். அந்த நினைப்பிடம் அகப்பட்டது பழவேற்காட்டு நண்பர் பாயின் வீடு.

டச்சுக்காரர் காலத்து வீடு அது. தடித்த சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண், ஒழுகும் ஓடு. பழைய வீடுகளைத் தேர்ந்தெடுத்துப் பழுதுபார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. தேர்வானால் வீடு பிழைக்கும். இல்லாவிட்டால் இடித்து மனையாகப் பிரித்துக்கொள்வதென்று பாயின் தம்பிகள் சொல்லிவிட்டார்கள்.

“இவ்ளோ அழுக்கா இருந்தா யாருக்குப் பிடிக்கும் பாய்? பாண்டிச்சேரில போய்ப் பாருங்க, கண்ணைப் பறிக்குது.”

“எங்க வாப்பா சுண்ணாம்புதான் சார் அடிப்பாரு.”

“நீங்க மீன் விக்கிறதைப் பாருங்க. பெயிண்ட் என்கிட்ட விடுங்க.”

“பெயிண்டுக்கே பெரிய டாக்டரு நீங்க, சொன்னா சரிதான்” என்று சிரித்தார்.

சுண்ணாம்புச் சுவரில் எனாமல் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் காரையைப் பெயர்த்துவிடும். ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அந்தத் தெருவில் ஒரு புதுச்சேரி வேண்டியிருந்தது எனக்கு. குழு வந்துபோகும் வரை தாங்கும் என்று நம்பி, மஞ்சள் எனாமலையே அடிக்கச் சொன்னேன்.

குழுவுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. குழுவோடு வந்த அம்மாள் மஞ்சள் கொப்புளம் ஒன்றை விரலால் தட்டினார். தோசையளவு காரை அவர் காலடியில் விழுந்தது.

“இதுக்கு எனாமல் அடிக்கச் சொன்ன புத்திசாலி யாரு?”

புத்திசாலி சமோசாவை மென்றுகொண்டிருந்தான்.

“நான்தான் மேடம்” என்றார் பாய். “கலரு ஷோக்கா கீதேன்னு அடிச்சுக்கினேன். இன்னா இப்போ, சொரண்டினா போச்சு.”

சுரண்டினால் போகாது என்றார் அந்த அம்மாள். எதிர்வீட்டுக்காரர் சோம்பேறி, சுவரைத் தொட்டதே இல்லை. அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த நோன்புக்குள் பாயின் வீட்டை இடித்தார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெரிந்தே அடிக்கச் சொன்னதை நானும் சொல்லவில்லை. இப்போது பாயும் இல்லை. அண்ணனின் கிறுக்குத்தனத்தால் போன வீடு என்றுதான் தம்பிகள் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.