தூள் வறுக்காத வாரங்கள்

வெந்நீரில் கழுவிய கிளாஸை யோகாம்பாள் உடனே துடைப்பதில்லை. மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். சவர்க்கார வாசம் கொஞ்சம் இருந்தாலும் கிளாஸ் மறுபடி தண்ணீருக்குள் போகும். பக்கத்தில் நின்று போத்தல்களுக்குத் தூசு தட்டும் அமலினிக்கு இது நாள் தவறாத சிரிப்பு.

"அக்கா, கிளாஸோட கதைச்சு முடிஞ்சுதோ?"

"நீ உன்ர வேலையைப் பார் பிள்ளை. உதுக்குள்ள நேற்றையான் ஆசுப்பத்திரி இன்னும் கிடக்கு."

ஆசுப்பத்திரி என்பது ஒரு விஸ்கி. ஸ்கொட்லாந்தின் ஐலாத் தீவில் வடித்தது. புகையும் டெற்றோலுமாக மணக்கும். ஸ்பேசைட் பக்கத்துச் சரக்கு ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'கேக்'. நெய்யில் பொரித்த பிளம்ஸ் மணக்கிறதாம். இன்னொன்று 'மெழுகுதிரி'. யோகாம்பாளுக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. "குடிக்கிறதுதான் கூடாது. மணக்கிறதுக்கு என்ன, காத்துத்தானே" என்பார்.

இத்தாலியின் பலெர்மோவில் அந்தச் சின்ன விஸ்கிக் கடையை நடத்துபவர் சிஞ்ஞோர் நூச்சோ. அவர் எதையும் வடிப்பவர் அல்லர். ஸ்கொட்லாந்து வடிசாலைகளில் கிடந்து பழுத்த பீப்பாய்களில் ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்கேயே போத்தலில் அடைப்பித்து, தன் கடைப் பெயரோடு விற்பார். பல வடிசாலைகள் தங்கள் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பீப்பாயைக் கொடுக்கும். மாதிரிப் போத்தலில் ஊர் இருக்கும், வருடம் இருக்கும், பெயர் இருக்காது. மிச்சத்தை மூக்குத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிஞ்ஞோருக்கு அந்த மூக்கு கொரோனாவோடு போய்விட்டது. அடுப்பில் காப்பி கருகிப் புகைய, பக்கத்திலேயே இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். யோகாம்பாள்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். மறுநாள் அவர் வாங்கவிருந்த பீப்பாயின் மாதிரி ஊற்றிய கிளாஸைக் கழுவ எடுத்த யோகாம்பாள், "சிஞ்ஞோர், இது அழுகின முட்டை" என்றார். மனிதர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து கடையின் மூக்கு யோகாம்பாள்தான். ஊருக்குத் தெரியாது, அமலினிக்கு மட்டும் தெரியும்.

சைகையும் வைத்துக்கொண்டார்கள். பீப்பாய் மாதிரிகளோடு வரும் தரகர் முன்னால் சிஞ்ஞோர் பழைய பழக்கத்தில் மணந்து, தலையாட்டி, கதையை இழுப்பார். கிளாஸ் கழுவப் போகும். திரும்பி வரும் தட்டில் சுத்தமான கிளாஸ் நிமிர்ந்திருந்தால் வாங்கலாம். கவிழ்ந்திருந்தால் வேண்டாம்.

மாதிரி வரும் வாரத்தில் யோகாம்பாள் வேறு ஆள். நெற்றியில் சந்தனம் இல்லை, வெறும் திருநீறு. தலைக்கு எண்ணெய் இல்லை. பல்லரோச் சந்தையின் மீன்கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போவார். எல்லாவற்றிலும் பெரிய கட்டுப்பாடு, அந்த வாரம் வீட்டில் கறித்தூள் வறுப்பதில்லை. போன வருடம் பட்டது போதும். ஞாயிறு தன் வீட்டில் மிளகாயும் மல்லியும் வறுத்துவிட்டுத் திங்கள் வந்து மணந்தவர், நல்ல ஐலாப் பீப்பாய் ஒன்றில் "புகையே இல்லை" என்று கிளாஸைக் கவிழ்த்தார். வேறொருவர் அதை வாங்கி அடைத்தார். புகையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. தூள் கதையை யோகாம்பாள் தானாகவே போய்ச் சொன்னார். சிஞ்ஞோர் கோபிக்கவில்லை. அதுதான் யோகாம்பாளுக்கு இன்னும் வலிக்கிறது.

இந்த வருடம் சிஞ்ஞோருக்கு ஒரே ஒரு பீப்பாய் வாங்கத்தான் வக்கு. அதுவும் பிழைத்தால் கடையைப் பூட்டவேண்டியதுதான். கடை போனால் யோகாம்பாளின் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் எதைக் காட்டுவது? தரகர் வியாழன்தான் வருவதாக இருந்தது. நாள் கிடக்கிறதே என்று ஞாயிறு தூள் வறுத்தார். திங்கள் பத்து மணிக்கே மனிதர் மிலானோவிலிருந்து வந்து நிற்கிறார்.

கிளாஸ் உள்ளே வந்தது. மணந்தார். மல்லி. மறுபடி மணந்தார். செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. அதற்குப் பின்னால் எங்கேயோ புகை இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"பிள்ளை, எனக்கு ஒண்டும் பிடிபடேல்லையடி."

"ஏதோ ஒரு பக்கம் வையுங்கோ அக்கா. அந்தாள் நேரத்தைப் பாக்குது."

"போன வருசமும் அப்பிடித்தான் வைச்சனான்."

நாளைக்கு என்று சொல்ல அவர்களிடம் சைகை இல்லை. யோகாம்பாள் கிளாஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். "ஓஜ்ஜி நோ, சிஞ்ஞோர்," என்றார். "இன்றைக்கு என்ர மூக்கு சரியில்லை. நாளைக்குச் சொல்லுறன்."

தரகர் சிரித்தார். "கிளாஸ் கழுவும் பெண்ணின் மூக்குக்கு நான் ஏன் காத்திருக்க வேண்டும்?"

பகிடி என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். சிஞ்ஞோரின் முகம் காது வரைக்கும் சிவந்தது. "எனக்கு நாலு வருடமாக ஒன்றும் மணப்பதில்லை," என்றார். "இந்தக் கடையில் பீப்பாய் தேர்வது இவர்தான். நாளைக்கு வாருங்கள்."

தரகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பைக்குள் வைத்த மாதிரிப் போத்தலைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "காலையில் வருகிறேன்" என்று கிளம்பினார்.

சிஞ்ஞோர் எழுந்தார். முப்பது வருடமாகத் தான் மட்டும் இருந்த தோல் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார். இதுவரை 'யோகா' என்றே கூப்பிட்டவர், "சிஞ்ஞோரா, இருங்கள்" என்றார்.

யோகாம்பாள் தோளில் கிடந்த துணியை எடுத்து, நாற்காலியை ஒருமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.