ஓதிமலைக்குப் போகிற வழியில் சந்தகை

காலை ஏழு மணிக்கு ஓதிமலை அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டது நான்தான். ஏழு மணிக்கு நாங்கள் அன்னூரில், மாமனாரின் தங்கை வீட்டில், இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. மூன்று வயது வரை அவள் நடக்கவில்லை. கோவையில் ஒரு பயிற்சி மையத்தில்தான் நடக்கப் பழகினாள். குழந்தைகள் பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பிகள் அங்கே துருப்பிடித்து ஆடத் தொடங்கியிருந்தன. புதிதாக வாங்கிக் கொடுக்கலாம் என்று, சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ஐந்து ஞாயிறு, ஐந்து முருகன் மலை, குடும்பமாக ஏறுகிறோம், முடிந்ததைக் கொடுங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஐந்து மலையையும் எங்கள் மகள் தன் காலாலேயே ஏறுவாள்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்காகத்தான் பலர் கொடுத்தார்கள். மருதமலை, அனுவாவி, சென்னிமலை, சிவன்மலை நான்கையும் ஏறிவிட்டாள். பாக்கி இருந்தது ஓதிமலை. ஐந்திலும் செங்குத்தானது அதுதான்.

வழியில் எங்கும் நிற்க வேண்டாம், வெயில் ஏறினால் படி சுடும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். மாமனார் தலையாட்டினார். அன்னூர் வந்ததும் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் தோளைத் தொட்டார்.

“ஊட்டு முன்னால காரு போறது தெரிஞ்சா அவ என்ன நெனைப்பா? ஒரு வாய் காப்பி குடிச்சுபோட்டுப் போயரலாங் கண்ணு.”

கணவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

காப்பி வந்தது. பிறகு, பிள்ளைக்கு வெறும் வயிறா என்று மாவு வெந்தது. தேங்காய்ப்பால் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள்; யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். நேரமாகிறது என்றேன். “மலை எங்க அம்மணி ஓடிப்போகப்போகுது?” என்றார் அந்த அத்தை. மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லித் தொலைத்தேன். இன்னும் இரண்டு கரண்டி விழுந்தது.

அடிவாரம் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. செருப்பைக் கழற்றியாயிற்று. மகளுக்காகக் கொண்டுவந்திருந்த சாக்ஸை எடுத்தேன். சாமி மலைக்கா என்று மாமியார் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உடனே அதை அவருடைய தண்ணீர்ப் பையிலேயே திணித்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மகள் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். மாமியாருக்கு முட்டிவலி, நான் அவரோடு பின்தங்கினேன். பாதி மலையில் நிமிர்ந்து பார்த்தபோது மாமனாரின் தோளில் இரண்டு சின்னக் கால்கள் தொங்கின. கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

உச்சியில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். தூக்கக்கூடாது என்றுதானே சொன்னேன் என்று மாமனாரிடம் கேட்டேன்.

“கல்லு நெருப்பாட்டச் சுடுது. புள்ள ஒத்தக் கால்ல நிக்குது. பாத்துட்டு நிக்கச் சொல்றயா அம்மணி?”

கணவரைத் தனியாக அழைத்து, தூக்கிய இடம் வரை இறக்கிக் கூட்டிப்போய் மறுபடி ஏறவைக்கலாமா என்று கேட்டேன். “உனக்குக் கிறுக்கா? யாரு வந்து பாக்கப்போறாங்க?” என்றார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் என் பிரச்சினையே. கேட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமும் தணியவில்லை. நான் மட்டும் முதலில் இறங்கிவிட்டேன். கால் சுட்டதால் வேகமாக நடப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழே ஒரு மர நிழலில் உட்கார்ந்து எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் குழுவில் போட்டது: ‘நான்கு மலை தன் காலில். ஐந்தாவதில் பாதி தாத்தா தோளில். மன்னிக்கவும்.’ வரிசையாகக் கும்பிடுகிற கைகள் வந்தன. ‘அப்ப உங்க மாமனாருக்கும் சேத்துக் குடுக்கோணுமாட்ட இருக்குது’ என்று ஒருவர் எழுதினார். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நிம்மதிக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. நான் அவ்வளவு யோசித்துச் சேர்த்த அந்த வரியை இவர்கள் படித்தார்களா இல்லையா?

மையத்தில் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கும் அதை அனுப்பியிருந்தேன். அவர் மட்டும் வேறொன்று கேட்டார்: ‘எறங்கறப்ப எப்படிங்க வந்தா?’

படி இறங்குவதுதான் அவளுக்கு வராது. எங்கள் அடுக்குமாடி வீட்டுப் படியிலேயே நின்று இரண்டு கைகளையும் தூக்குவாள். முந்தைய நான்கு மலையிலும் கணவர்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார். இறங்குவதை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

தலையைத் தூக்கினேன். கடைசிப் படிகளில் வந்துகொண்டிருந்தார்கள். மகள் ஒரு கையில் தாத்தாவின் விரலைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வந்தாள். பாவாடையின் பின்பக்கமெல்லாம் மண். காலில் அந்தச் சாக்ஸ். மாமியார் தண்ணீர்ப் பையை இடம் மாற்றிக்கொண்டார்.

“எறங்கறப்பத் தூக்கலீங்களா மாமா?”

“நீதான அம்மணி தூக்கக்கூடாதுன்ன.”

மகள் என் மடியில் வந்து விழுந்தாள். “மொதல்ல உக்காந்து உக்காந்து வந்தேன். அப்பறம் நின்னுட்டே வந்தேன். நீங்க பாக்கலீங்களாம்மா?”

நான் பார்க்கவில்லை. நான்கு மலை ஏறியதையும் படம் பிடித்த போனில் அப்போது நான் மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு ‘நடந்து’ என்று டைப் செய்தேன். அனுப்பும் முன் விரல் நின்றது. நடுவில் எங்கேயாவது, ஒரு பத்துப் படியாவது தூக்கினீர்களா என்று மாமனாரைக் கேட்டேன்.

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.