மங்கலம் ஆக்கிய சாம்பார்

புவனகிரிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பதினெட்டு வருடமாகச் சத்துணவு ஆக்கியவர் மங்கலம். மார்பில் வந்த புற்றுக்கட்டியை அறுத்து எடுத்த பிறகு, ஐந்து வாரம் தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய்க் கதிர்வீச்சு வைத்துக்கொண்டார். ஊரில் அதைக் 'கரண்ட்டு வைக்கிறது' என்பார்கள்.

நான்காவது வாரம் அக்குள் கறுத்து, தோல் உரிந்து, நீர் கசிந்தது. ஒட்டிக்கொண்ட ரவிக்கையை எடுக்கும்போது அடித்த வாடை அவருக்கே குமட்டியது.

மெஷின்காரர் ராபர்ட்டிடம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்னப் படுக்கவச்சிட்டு நீங்க வெளிய ஓடிடறீங்களே தம்பி, அது ஒடம்புலயே தங்கிடுமா?"

"தங்காதுக்கா. சுவிட்ச அணைச்சா வெளிச்சம் ரூம்லயா நிக்கிது? அதுமாரிதான். நாங்க தெனம் நாப்பது பேருக்கு வைக்கிறோம், ஒவ்வொரு வாட்டியும் உள்ள நின்னா எங்களுக்கு ஜாஸ்தியாயிடும். நீங்க பேரப்புள்ளய தாராளமாத் தூக்குங்க."

புண் நன்றாக ஆறிய பிறகே மங்கலம் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே இசைவாணி என்பவள் வந்து, மகளின் தட்டைப் பிடுங்கிச் சாம்பார் சோற்றைச் சாக்கடையில் கொட்டினாள்.

"கரண்ட்டு வச்ச ஒடம்பு. அந்தக் கையால ஆக்குனத எம்புள்ள துன்னாது!"

பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ராபர்ட் சொன்னதை மங்கலம் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. அதுவரை தன் உடம்பின்மேல் இருந்த அருவருப்பு அப்படியே அவர்கள் பக்கம் திரும்பியது.

"கொஞ்ச நாளைக்குக் காய் மட்டும் நறுக்குங்களேன்" என்றார் தலைமையாசிரியை.

"ஆக்கத்தான் டீச்சர் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க ஒரு தட்டுச் சோறு போட்டுத் தின்றார். மறுநாள் பதினோரு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். மாதக் கடைசியில் எல்லோரும். ஒருத்தியும் வந்து தப்பென்று சொல்லவில்லை.

மாசியில் இசைவாணி சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, மார்ல ஒரு கட்டி..."

மங்கலத்துக்கு அருவருப்பில் வாயில் எச்சில் திரண்டது. துப்பாமல் விழுங்கினார். "எத்தினி நாளா?"

"மூணு மாசமா."

"இத்தினி நாள் என்னாடி பண்ணுன?"

மறுநாள் லீவு போட்டு அவரே கூட்டிப்போனார். மருத்துவமனை வராந்தாவில் இசைவாணி மெல்லக் கேட்டாள். "கரண்ட்டு வச்சா புள்ளயத் தொடக் கூடாதாக்கா?"

மங்கலம் ராபர்ட் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார்.

சாதாரணக் கட்டிதான் என்று அடுத்த வாரம் முடிவு வந்தது. திரும்பும் பஸ்ஸில் இசைவாணி அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள். மங்கலம் கையை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.