மூடி போடாத மதியச் சாப்பாடு

முட்டை மறுபடியும் கிழிந்துபோயிற்று. கரண்டியை மேடையில் போட்டுவிட்டு அவர் ஓரடி தள்ளி நின்றார்.

"அப்பா, சுருட்டணும். மடிக்கக் கூடாது," என்றாள் மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சுருட்டத்தான் பாக்கறேன். அது சுருள மாட்டேங்குது."

"இந்த வீடியோல அந்தம்மா எவ்வளவு அழகா சுருட்டறாங்க பாருங்க."

"அவங்க சட்டி சதுரம், நம்ம சட்டி வட்டம். முதல்ல அதைச் சொல்லு."

வேலையிடத்தில் அவரை மேல்மாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடங்களுக்கு மேலே நிற்கும் கோபுரக் கிரேனின் கண்ணாடிக் கூண்டுதான் அவருக்குப் பகல் முழுக்க வீடு. கம்பி சுமக்க வந்தவர், அண்ணாந்து பார்த்துப் பார்த்தே ஆசைப்பட்டு, உரிமம் வாங்கி ஏறினார். ஏறின பிறகு இறங்கப் பிடிக்கவில்லை. கீழே இருந்தவரை 'டேய்' என்று கூப்பிட்ட அதே வாய்கள், மேலே போனதும் ரேடியோவில் 'அண்ணே' என்றன. மேல்மாடி காலி என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் உண்டு. அவ்வளவு உயரத்துக்கு அந்தச் சிரிப்பு கேட்பதில்லை.

வயிறுதான் தகராறு செய்தது. காலையில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். தோள்பையில் சாப்பாடு கூடவே ஏறும். செங்குத்தான ஏணியில் டப்பா ஆடி, சாறு ஒழுகி, ஒரு நாள் கிரேனை இயக்கும் பிடியின் இடுக்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. அன்றைக்குப் பாதி நாள் வேலை படுத்துவிட்டது. அதற்குப் பயந்து மதியச் சாப்பாட்டையே விட்டார். போன வாரம் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டு கீழே நின்றவர்களின் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஃபோர்மேன் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக்கூடச் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை தலை சுத்துச்சுன்னா கீழேயே நின்னுக்க. கூண்டுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அதற்குக் கல்லூரியில் படிக்கும் மகள் கண்டுபிடித்த மருந்துதான் இந்த முட்டைச் சுருள். ஜப்பான்காரர்கள் பென்டோ என்று ஒன்று கட்டிக்கொண்டு போகிறார்களாம். சாறே கிடையாது. குழைய வடித்த சோற்றை ஒரு பக்கம் அழுத்தி வைத்து, மீதி இடத்தில் முட்டை, அவித்த பீன்ஸ், கேரட் என்று இடுக்கு விடாமல் நெருக்கிவிட்டால், டப்பா தலைகீழானாலும் உள்ளே எதுவும் அசையாதாம். ஆறவைத்துத்தான் மூட வேண்டும், ஆறினதைத்தான் சாப்பிட வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் மனைவிக்குப் பிடிக்கவில்லை. மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை பார்ப்பவள் அவள். கொதிக்கிற தண்ணீரைத் தவிர எதையும் நம்பமாட்டாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சூடா கட்டித் தந்திருக்கேன். ஆறின சோத்தை என் கையால கட்ட மாட்டேன். வேணும்னா நீங்களே செஞ்சுக்குங்க," என்று ஒதுங்கிக்கொண்டாள். அதனால்தான் அடுப்படியில் அவர்.

கிழிந்த முட்டையைத் துணியில் வைத்து உருட்டி, ஒருவழியாகச் சுருள்போல ஆக்கி அடுக்கினார். பார்க்க மோசமில்லை. டப்பாவைத் திறந்தே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது டப்பா மூடி, துண்டில் சுற்றி, பைக்குள் தயாராக இருந்தது. மகள் எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்.

மதியம், வெயில் இறங்கிக் கொதித்த கூண்டில் திறந்தார். மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. சோறு கொழகொழத்து நூல் விட்டது. நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. எதுவும் அசையவில்லை, அதில் மட்டும் குறையே சொல்ல முடியாது.

"அண்ணே, அடுத்த லோடு ரெடி," என்றான் கீழே சைகை காட்டுகிறவன், ரேடியோவில்.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். லேசாக நடுங்கின. பசியா, ஆத்திரமா என்று அவருக்கே தெரியவில்லை.

"நிறுத்து. சாப்பாடு கெட்டுப்போச்சு. ஏதாவது சாப்பிட இறங்கறேன்."

கீழே ஃபோர்மேன் கொதித்தார். "கான்கிரீட் இறுகிடும்யா. இப்ப போய் என்ன சாப்பாடு உனக்கு?"

"தலை சுத்தினப்புறம் இறங்க முடியாது சார். அதான் இப்பவே வந்துட்டேன்."

"நாளைக்கும் இப்படி வந்து நின்னா திரும்ப ஏற வேண்டாம்."

வீட்டில் டப்பாவை மேடையில் டங்கென்று வைத்தார். "யார் இதை மூடினது?"

"நான்தான்," என்றாள் மனைவி. "சூடு போயிடுமேன்னு."

"சூடு போகணும்னுதானே திறந்து வெச்சேன்."

"ஆறினப்புறம்தான் மூடணும்னு எனக்கு யாரு சொன்னா? மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். நல்லது செஞ்சாலும் ஏச்சுத்தான் இந்த வீட்ல."

"உன் நல்லதுல என் வேலையே போயிருக்கும்."

அவள் டப்பாவை எடுத்துப்போய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போனைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தோமே, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னோமா என்று அவளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையிலும் முட்டை கிழிந்தது. சோறு வடிக்கத் தாமதமாகி, பஸ் நேரம் நெருங்கியும் ஆவி அடங்கவில்லை. கேட்காமலே மனைவி ஒரு தட்டை எடுத்து வந்து டப்பாவுக்கு மேலே விசிறினாள்.

"மாப்பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் விசிறியிருக்க மாட்டாங்க," என்று முணுமுணுத்தாள். சமாதானம் ஒன்றும் இல்லை அது. கை மட்டும்தான் அவர் பக்கம், முகம் சுவர்ப் பக்கம்.

அப்படியும் ஆறவில்லை. வேறு வழி தெரியாமல், டப்பா மேல் கைக்குட்டையை மட்டும் விரித்து, மூடியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா வெகுநேரம் அவர் மடியிலிருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். "மூடி தொலைஞ்சு போச்சுங்களா?"

"இல்லைங்க. பையில இருக்கு."

"அப்ப போட்டுக்கலாமே."

"இப்ப போடக் கூடாதுங்க."

அந்த அம்மா ஜன்னலோரமாக இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாள். அவருக்குக் காது சூடேறியது. சோறு மட்டும் நிதானமாக ஆறிக்கொண்டிருந்தது.

கிரேனடியில் தொட்டுப் பார்த்து, பிறகுதான் மூடினார். பையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். இந்த முறை வெயில் படாமல் இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தார்.

மதியம் திறந்தபோது நாற்றம் இல்லை. சோறு காய்ந்து கட்டியாக இருந்தது. பீன்ஸ் வேகவே இல்லை. வீடியோவில் சொன்னபடி முட்டையில் போட்ட சர்க்கரை தூக்கலாக, கூடவே ஓடு ஒன்று பல்லில் கடிபட்டது. மென்று விழுங்கிக்கொண்டே யார் மேல் கோபப்படுவது என்று யோசித்தார், சமைத்தது அவரேதான். கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றார். கையைத் துடைத்து, பிடியில் வைத்தார். நடுக்கம் இல்லை.

"அண்ணே, சாப்ட்டீங்களான்னு ஃபோர்மேன் கேக்கச் சொன்னார்," என்றது ரேடியோ.

"சாப்ட்டேன்னு சொல்லு."

"எப்படி இருந்துச்சுண்ணே?"

"அதை மட்டும் கேக்காதே. லோடைக் கட்டு."