ஊர் திரும்புகிறவர்களுக்கு மாமா சொன்னது

மட்டாஞ்சேரிக்கு முதல்முறை வருகிறவர்களிடம் சொல்வதற்கென்றே மாமா சில விஷயங்களை வைத்திருந்தார். படகு துறையில் அணையும்போது கையை வெளியே நீட்டக் கூடாது. மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் போய்விடும். இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் புடவையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், அது குளிப்பதற்கு மட்டும். குடிக்கத் தரும் வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அது பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது, உடம்புக்கு நல்லது. மழைக்காலமாக இருந்தால் கூட்டமான படகை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லும் தோரணையைப் பார்த்தால், அந்தத் துறைமுகத்தைக் கட்டும்போது கூடவே இருந்தவர் என்று தோன்றும்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். பஜாரில் ஒரு மிளகாய் மண்டியில் வேலை. மண்டிக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் வீடு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கோ வேலை தேடியோ சும்மா கப்பல் பார்க்கவோ வருகிற எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். வந்தவர்கள் முதல் இரண்டு நாள் தும்முவார்கள். பிறகு மிளகாய் நெடி பழகிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறைக்கு நானும் அம்மாவும் அப்படித்தான் போய் இறங்கினோம். எனக்கு எட்டு வயது. போன அன்றைக்கே பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, வெள்ளம் வேணுமா என்று என்னைக் கேட்டாள். நான் அலறிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றுவிட்டேன். மாமா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"பொள்ளாச்சில வெள்ளம்னா ஓடோணும் கண்ணு. இங்க வெள்ளம்னா குடிக்கோணும். மனசிலாச்சா?" என்றார்.

மனசிலாயிற்று. ஆனால் பயம் போகவில்லை. அந்த ஊரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கடைசியில் தண்ணீர் நின்றது. நாங்கள் வாய்க்காலையும் கிணற்றையும் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் இருக்கிற இடத்தில் இருக்கும். இந்தத் தண்ணீர் காலையில் படிக்குக் கீழே கிடந்தது, மத்தியானம் படியேறி வந்தது. சில நாட்களில் சாக்கடை வழியாகப் பின்னோக்கி வந்து தெருவில் நின்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒருநாள் இது படியோடு நிற்காது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இங்கிருந்து எப்போது கிளம்புவோம் என்று தினமும் அம்மாவைக் கேட்டேன்.

அந்த விடுமுறையில் அம்மா எதையும் பார்க்கவில்லை. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தன் பெண்களோடு என்னையும் கோட்டைப் பக்கம் கூட்டிப்போய், மீன் பிடிக்கும் சீனவலை தூக்குவதைக் காட்டினாள். அம்மாவைக் கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். நாங்கள் திரும்பி வரும்போது ஜன்னலுக்குக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருப்பாள். பொள்ளாச்சியில் அவள் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. இங்கே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தத்தில்கூடத் தூங்கினாள். நகரத்துக்கு வந்து தூங்கிக் கழிக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் வருத்தம்தான்.

பள்ளி திறக்கப் போகிறது, அனுப்பி வைக்கவும் என்று அப்பா மிளகாய் லாரி டிரைவரிடம் சொல்லியனுப்பினார். மாமாவும் அத்தையும் அடுக்களையில் தணிந்த குரலில் பேசினார்கள். இவ்வளவு நாளில் கோபம் ஆறியிருக்கும் என்றும், பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் என்றும் மாமா சொன்னது காதில் விழுந்தது. கிளம்புவதற்கு நாள் பார்த்தாயிற்று. நான் என் துணிகளை நானே மடித்துப் பையில் வைத்தேன்.

அதற்குள் மழை பிடித்துவிட்டது. கிளம்பிய அன்று காலை வானமும் காயலும் ஒரே நிறமாகக் கிடந்தன. எர்ணாகுளம் வரை மாமா கூட வந்தார். துறையில் முதல் படகு வந்ததும் அம்மா, கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் போகலாம் என்றாள். தன் பேச்சை ஒருத்தி மதித்துவிட்டாள் என்று மாமாவுக்குத் திருப்தி. அடுத்ததும் கூட்டமாக இருப்பதாக அம்மாவுக்குப் பட்டது. அதற்கடுத்ததில் பெஞ்சுகள் பாதிக்குமேல் காலி. அதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் என்னைப் போலவே தண்ணீர்ப் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரயில் போய்விடும் என்று மாமா பையைத் தூக்கிக்கொண்டு படகுக்குள் இறங்கிவிட்டார். நாங்களும் இறங்கினோம்.

மழைக்காகப் பக்கத்துப் படுதாக்களை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு, டீசல் நாற்றம், நனைந்த குடைகள். நடுவில் இஞ்சின் அதிர்ந்துகொண்டிருந்தது. முன்னால் சுக்கான் பிடிக்கிற சிராங்கு கயிற்றை இழுத்தால் இஞ்சின்காரனுக்கு மணியடிக்கும். அதைக் கேட்டு அவன் வேகத்தைக் கூட்டுவான், குறைப்பான். எங்கள் எதிரில் மீன் கூடையோடு ஒரு சேச்சி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். மாமா எனக்குத் தீவையும் கப்பல்களையும் விளக்கிக்கொண்டு வந்தார். படுதா இறங்கியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

தீவின் முனையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மழைச் சத்தமும் பலகையில் அலை மோதும் சத்தமும் மட்டும் கேட்டன. மணி அடித்தது, மறுபடி அடித்தது. இஞ்சின்காரன் எதையோ திருகினான், உதைத்தான், வாய்க்குள் திட்டினான். படகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. யாரோ படுதாவைச் சுருட்டிவிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். கரைகள் இரண்டும் நகர்ந்துகொண்டிருந்தன. நாங்கள் எர்ணாகுளத்தை விட்டு மேற்கே போய்க்கொண்டிருந்தோம். கடலுக்கு வடியும் இறக்கத் தண்ணீரோடு மழைத் தண்ணீரும் சேர்ந்து அழிமுகத்துக்கு இழுக்கிறது என்று ஒருவர் சொன்னார். அழிமுகம் என்றால் காயல் கடலில் கலக்கும் வாய். அதற்கு அப்பால் ஊர் கிடையாது.

ஒரு கப்பல் ஊதியது. எங்கிருந்து என்று தெரியவில்லை. மழைக்குள் எல்லாப் பக்கமும் ஊதினது போலிருந்தது. பின்பக்கம் ஒருவர், வெள்ளம் கேறுந்நு என்று கத்தினார். தண்ணீர் ஏறுகிறது என்று, மாமா எனக்குச் சொல்லித் தந்த அர்த்தத்தில்தான் அவர் அதைச் சொன்னார். ஆனால் என் கால் நனைந்தபோது எனக்குப் பொள்ளாச்சி அர்த்தம்தான் ஞாபகம் வந்தது. பலகை இடுக்கு வழியாகப் பழுப்புத் தண்ணீர் செருப்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆட்கள் ஒரு பக்கமாக ஒதுங்க, படகு அந்தப் பக்கம் சாய, இருந்த இடத்தில் உட்காரும்படி சிராங்கு மிரட்டினார். ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சாமி பெயர்கூட வரவில்லை.

மாமாவைப் பார்த்தேன். இதற்கு அவரிடம் ஒரு யோசனை இருக்கும் என்ற நம்பிக்கை. அவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"பேடிக்கண்டா மோளே, இப்போ சரியாகும்," என்று பயப்படாமலிருக்கச் சொன்னாள் மீன்காரச் சேச்சி. அவளும் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

அம்மா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முந்தானை நனைந்து முகத்தில் சாரல் அடிக்க, அதைத் துடைக்காமல், கரை விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டிக்கு மேலே ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாளே, அதே பார்வை. நான் அவள் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, படகு கடலுக்குப் போயிருமா?"

"போனாப் போகட்டும்," என்றாள்.

மழை வந்தால் வரட்டும் என்பதுபோலச் சொன்னாள். எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன். அவள் உடம்பு சூடாக, தளர்வாக இருந்தது. எனக்குக்கூட நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. மாமா கண்ணைத் திறந்து அம்மாவையே பார்த்தார். கப்பல் மறுபடி ஊதியபோதும் அவர் திரும்பவில்லை.

நங்கூரத்தை எறிந்தார்கள். அது பிடிக்காமல் கொஞ்ச தூரம் இழுபட்டு வந்து, பிறகு எங்கோ அடியில் மாட்டியது. படகு ஒரு குலுக்கலோடு நின்றது. கப்பல் எங்களுக்குச் சற்றுத் தள்ளி, சுவர் ஒன்று நகர்வதுபோலப் போயிற்று. அதன் அலை வந்து எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் போராடித்தான் இஞ்சின்காரன் இஞ்சினுக்கு உயிர் வரவழைத்தான். எர்ணாகுளம் துறையில் கால் வைத்ததும் ஆட்கள் முன்பின் தெரியாதவர்களோடெல்லாம் சிரித்துப் பேசினார்கள். நான் தரையை இரண்டு முறை மிதித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில்தான் அம்மாவுக்கு நடுக்கம் வந்தது. ரயில் தாமதம். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கை ஐஸ் போல இருந்தது, டீ தம்ளர் பிடிபடாமல் தளும்பியது. நனைந்ததால் குளிர் என்று எண்ணி என் துண்டை அவள் தோளில் போட்டேன். மாமா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, வேண்டாம்னாத் திரும்பிப் போயிரலாம்," என்றார். அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அம்மா மறுத்துத் தலையை ஆட்டினாள். அப்பா சொல்லியனுப்பிய பிறகு போகாவிட்டால் அவர் இங்கேயே வந்து நிற்பார், உங்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள்.

ரயில் வந்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தார். குரல் மட்டும் வழக்கமானதாக இல்லை.

"மண்ணெண்ணெய் வூட்டுக்குள்ள வேண்டாம் பாப்பா. ஸ்டவ்வும் வேண்டாம், வெறகு போதும். படுக்கறப்போ வாசல் பக்கமாப் படு, பிள்ளையப் பக்கத்துல போட்டுக்க. மாத்துத்துணி ஒரு பையில போட்டு அடுத்த வூட்டுல குடுத்து வை. லாரி எப்பக் கெளம்பும்னு சந்தைல கேட்டா சொல்லுவாங்க. டிரைவர்ட்ட எம் பேர் சொன்னாப் போதும், ஒரு வார்த்த கேக்கமாட்டான். ராத்திரின்னு பாக்காத. எப்ப வேணும்னாலும் வந்து கதவத் தட்டு."

அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. படகைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் ஊருக்குப் புதியவர்களிடம் சொல்வார், சரி. நாங்கள் போவது எங்கள் சொந்த வீட்டுக்கு. அதில் எங்கே படுக்க வேண்டும், எதில் சமைக்க வேண்டும் என்று, அந்த வீட்டைப் பார்த்தே இராத ஒருத்திக்குச் சொல்வதுபோல அம்மாவுக்குச் சொல்கிறாரே. படகில் பயந்ததில் மாமாவுக்குக் குழம்பிவிட்டது என்று முடிவு செய்தேன்.

விடுமுறைக்கு நாங்கள் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, நான் பள்ளியில் இருந்த நேரத்தில், அப்பா மண்ணெண்ணெய் டின்னோடு அம்மா இருந்த அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், அக்கம்பக்கத்தார் அந்தக் கதவை உடைத்ததும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மாவே ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அப்போது நாங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தோம். மாமா சொன்ன எல்லாவற்றையும் அவள் ஒன்றுவிடாமல் செய்திருந்தாள். விடுமுறை முடிந்து திரும்பிய அந்த வருடமே, ஐப்பசி மழையில், என்னை எழுப்பிச் செருப்புக்கூடப் போடவிடாமல் நடத்திக் கூட்டிப்போய் மிளகாய் லாரியில் ஏற்றினாள். மூட்டைகள்மேல் தார்ப்பாய்க்குக் கீழே தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தோம். மாமா கதவைத் திறந்தார். அப்பா ஒருமுறை வந்தார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அம்மா ஒரு ஏற்றுமதிக் கிடங்கில் இஞ்சி பொறுக்கும் வேலைக்குப் போனாள். நான் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வளர்ந்தேன்.

ஆனால் அன்றைக்கு, பாலக்காட்டில் இறங்கிப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறியபோது, இதில் எதுவும் எனக்குத் தெரியாது. கணவாயைத் தாண்டியதும் மழை நின்றுவிட்டது. வெயில் வந்தது. இரண்டு பக்கமும் பனைமரங்கள், காய்ந்த காடு, புழுதி. எங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குள் இருந்த இறுக்கமெல்லாம் அவிழ்ந்துவிட்டது. பாட வேண்டும்போல இருந்தது. அம்மாவின் கை மட்டும் அந்த வெயிலிலும் சில்லிட்டே இருந்தது. பாவம், படகு பயம் அவளுக்கு இன்னும் தெளியவில்லை என்று நினைத்து, அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டேன்.

"இனிப் பயப்படாதீங்கம்மா," என்றேன். "தண்ணியெல்லாம் முடிஞ்சுபோச்சு. நம்ம வூடு வரைக்கும் தரைதான்."