நாடக வரலாற்றில் ஒரு திருத்தம்

எங்கள் தெரு நாடகக் குழுவின் நவராத்திரி மலருக்கு நாடக வரலாறு எழுதிக் கொடுப்பது முப்பது வருஷமாக என் பொறுப்பு. எழுதுவது என்று சொன்னால் பொய். தலைமைச் செயலகத்தில் நாங்கள் குறிப்பு எழுதிய முறைதான்: போன வருஷக் கோப்பை எடுத்து, தேதியை மாற்றி, கையெழுத்துப் போடுவது. கிரேக்கர்களின் முகமூடியில் ஆரம்பிப்பேன். சமஸ்கிருத நாடகத்தின் சூத்திரதாரனைத் தொட்டு, கூடியாட்டம், தெருக்கூத்து, பார்சிக் கம்பெனிகளின் படுதா, பாய்ஸ் கம்பெனி, சபா நாடகம் என்று இறங்கி, கடைசிப் பாராவில் கோட்டைக்குள் இருக்கும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல், நாலு பக்கம். யாரும் வாசிப்பதில்லை என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

அந்தக் கடைசிப் பாராவில் மாறாத வாக்கியம் ஒன்று உண்டு: "நம் தெருப் பெண்களில் எவரும் மேடையேற முன்வராததால், பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்று நடித்தனர்." நல்ல வாக்கியம். யார் மேலும் பழி இல்லை. அரசுக் குறிப்புக்கு வேண்டிய லட்சணம் அது.

இந்த வருஷம் மலர் வேண்டாம், கெட்டி அட்டை போட்ட புத்தகமே போடலாம் என்று குழு முடிவெடுத்தது. பின்பக்கத்தில், இதுவரை நாடகங்களில் பங்கெடுத்த எல்லோருடைய பெயரும் வரும். என் பெயர் முதலில். நான் எப்போதும் ராஜா, அல்லது மந்திரி, குறைந்தபட்சம் ஜட்ஜ்.

என் மனைவி போன கர்க்கடக மாதத்தில் இறந்துபோனாள். எல்லா நாடகங்களிலும் இடது பக்கத் தட்டிக்குப் பின்னால் வசன நோட்டுடன் நின்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். பிராம்ட் செய்வது என்போம். அவள் பெயர் பட்டியலில் வரவேண்டும் என்று நினைத்தேன். அவளுக்காக நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

குழுவின் செயலர் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண், எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"நோட்டீஸ்ல பேர் இருக்கணும் மாமா. இல்லேன்னா கூட நடிச்சவா ஒருத்தர் எழுதித் தரணும். ரூல் நீங்க எழுதினதாக்கும்."

"தெரியும். நல்ல ரூல்தான்."

"மாமி நின்னதை நானே பாத்திருக்கேன். ஆனா பாத்தேன்னு ஒருத்தரைச் சேத்தா, நாளைக்கு நாற்காலி போட்டவா, லைட் பிடிச்சவா எல்லாரும் வருவா. இதுவும் நீங்க சொன்னதுதான். மினிட்ஸ்ல இருக்கு, காட்டட்டுமா?"

காட்ட வேண்டாம் என்றேன்.

பழைய நோட்டீஸ்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நானே எழுதியவை. மைக் செட் கடையின் பெயர் இருக்கிறது. பூமாலை உபயம் செய்தவர் பெயர் இருக்கிறது. மேடையில் தெரிகிறவர்கள் பெயரை மட்டும் போடுவது என்று முதல் வருஷமே விதி வகுத்திருந்தேன். மைக் செட் மேடையில் தெரியும். புகைப்படங்களில் நான் கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். தட்டிக்குப் பின்னால் எந்தப் புகைப்படக்காரனும் போகவில்லை. வசன நோட்டுகள் மட்டும் இருந்திருந்தால் போதும், பக்கம் பக்கமாக அவளுடைய பென்சில் குறிகள். ஓய்வு பெற்ற மறுமாதம், வீட்டுக் காகிதங்களுக்கும் ஆபீஸ் முறைப்படி ஆயுள் நிர்ணயம் செய்து, காலம் கடந்ததையெல்லாம் பழைய காகிதம் வாங்கும் ஆக்ரிக்காரனுக்குப் போட்டேன். நோட்டுகள் காலம் கடந்தவை. அவள்தான் சாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கட்டுரையிலும் அவளுக்கு இடம் செய்யலாம் என்று, நாடகங்களில் ஓரத்தில் இருந்தவர்கள் யார் என்று படித்துப் பார்த்தேன். கூடியாட்டத்தில் நங்கையார் என்னும் பெண் அரங்கின் ஓரத்தில் கைத்தாளத்தோடு உட்கார்ந்து சுலோகம் சொல்கிறாள். ஐரோப்பிய அரங்குகளில் மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி வெட்டி, அதற்குள் ஒரு ஆளை உட்கார வைத்து வசனம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கதகளிக்காரர்கள் எல்லோரையும் விடப் புத்திசாலிகள். பேசுகிற வேலையையே பின்னால் நிற்கும் பாட்டுக்காரரிடம் விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் ஒரு பாராவாகச் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பினேன். கடைசிப் பாராவை மாற்றக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பட்டியலுக்கு அத்தாட்சி வேண்டி, பேரூர்க்கடைப் பகுதியில் தன் மகனுடைய ஃபிளாட்டில் இருக்கும் பழைய நண்பனைப் பார்க்கப் போனேன். எங்கள் கதாநாயகி அவன்தான். பதினெட்டு வருஷம் எனக்கு ராணியாக இருந்தான். இப்போது இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆகி, நாற்காலியில் இருந்தே கதவைத் திறக்கச் சொல்கிறான்.

"எழுதித் தரேன். என்னன்னு எழுதட்டும்? எங்களுக்கெல்லாம் பிராம்ட் பண்ணினான்னா?"

"ஆமாம்."

"அது பொய்யாக்கும். எங்களுக்குப் பாடம் தெரியும்டா. அவ உனக்குத்தான் நின்னா."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"முதல் வருஷம் ராணி வேஷம் யாருக்குன்னு நினைச்சே?"

"உனக்கு."

"உன் ஆம்படையாளுக்கு. டைரக்டர் கேட்டார், சரின்னுட்டா. நீ ஆபீஸ் போனப்புறம் மத்தியானம் எங்காத்துல வந்து நாலு நாள் ஒத்திகை பார்த்தா. என்னமா வசனம் சொன்னா தெரியுமோ. உன்கிட்ட நானே சொல்லிக்கறேன், அதுவரைக்கும் யாரும் மூச்சு விடப்படாதுன்னா. ஆசையா இருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சாயங்கால ஒத்திகையில நீ மூணாவது வரியில நின்னே. மறுநாளும் நின்னே. உன்னை மாத்திடறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அது அவ காதுல விழுந்தது. மறுநாள் வந்து, 'அவரை மாத்த வேண்டாம், நான் தட்டிப் பக்கம் நிக்கறேன், அங்கேர்ந்து சொன்னா அவருக்கு வந்துடும்'னா. டைரக்டர், அப்போ ராணிக்கு யாருன்னு கேட்டார். என்னைக் காட்டினா." தன் முட்டியைத் தடவிக்கொண்டான். "மீசையை எடுத்தேன். எங்கம்மா ஒரு வாரம் என்கிட்டப் பேசலை."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை நீ?"

"சொல்லப்படாதுன்னு சொல்லியிருந்தா. நீயும் கேக்கலை. அவ கூச்சப்படறவன்னு நீயேதான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டு நடந்தே."

சொன்னேன்தான். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. என் கட்டுரைக்கு ஒவ்வொரு வருஷமும் புரூஃப் பார்த்தது அவள். 'எவரும் முன்வராததால்' என்ற வரியை அத்தனை தடவை படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் பழைய புரூஃப் ஒன்று கிடைத்தது, ஏதோ புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தது. அந்த வாக்கியத்தில் 'முன்வராததால்' என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளியைச் சேர்த்து, ஓரத்தில் சின்னதாக டிக் அடித்திருந்தாள். வேறு எதையும் தொடவில்லை.

அச்சகத்துக்கு போன் செய்தேன். பட்டியல் கடைசி ஃபாரம், இன்னும் அச்சேறவில்லை, அதில் இடம் இருக்கிறது, நண்பனின் கடிதத்தைக் கொண்டு பெயரைச் சேர்த்துவிடலாம் என்றார்கள். கட்டுரை முதல் ஃபாரம், அச்சடித்து, மையும் உலர்ந்துவிட்டது.

அதற்கும் முறை உண்டு. திருத்தச் சீட்டு. நானே எழுதினேன்: "பக்கம் நான்கு, கடைசிப் பாராவில் 'எவரும் மேடையேற முன்வராததால்' என்பது தவறு. ஒருவர் முன்வந்தார். இக்கட்டுரையாளருக்கு வசனம் நினைவில் நிற்காததால் அவர் தட்டிப் பக்கம் நிற்க நேர்ந்தது என்று திருத்தி வாசிக்கவும்."

செயலர் அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"இது வேணுமா மாமா? உங்களுக்கே..."

"அத்தாட்சி இருக்கு. கடிதம் வெச்சிருக்கேன்."

"அதுக்கில்லை மாமா," என்றாள். பிறகு உள்ளே போய்ப் பசை எடுத்து வந்தாள்.

குழுவின் அலுவலக அறையில் இரண்டு பகல் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினேன். உதவிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். துலா மாத மழைக் காற்றில் பசை காயவில்லை. ஒட்டியதை ஃபேனுக்கு அடியில் விரித்து வைத்து, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு கோப்பைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

வெளியீட்டு விழாவில் எல்லோரும் புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறந்தார்கள். அவரவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டினார்கள், மூடினார்கள். நானும் அப்படித்தான் செய்து வந்தவன். குறை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவள் பெயர் இருந்தது. அதற்கு நேரே 'பிராம்டர்' என்று இருந்தது.

கூட்டம் கலைந்தபின் நாற்காலி அடுக்க வந்தவர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தார்.

"சார், இது கீழே கிடந்தது. உங்களுதா?"

என்னுடைய திருத்தச் சீட்டு. பின்பக்கம் பசை இன்னும் பிசுபிசுத்தது.

"எந்தப் புத்தகத்துலேர்ந்து விழுந்தது?"

"தெரியாது சார். எல்லாரும் கொண்டு போயாச்சே."

பிரதி பெற்றவர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கி, அவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சரிபார்க்கலாமா என்று யோசித்தேன். அதற்கு விதியில் இடமில்லை. இடமிருந்தாலும் பாதிப் பேர் மகனிடமோ மகளிடமோ வெளியூர் போய்விடுவார்கள். ஆக, ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பிரதியில், அவள் இன்னும் முன்வரவில்லை.