ஆறாம் மாடிக்கு வந்த போதகர்

ஜெர்மனியின் எசன் நகரத்தில் எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகி நின்றபோது, கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாங்கள் ஆறாம் மாடி. மருத்துவரிடம் போவதென்றால் ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியில் கட்டித் தூக்கி இறக்க வேண்டும். வீட்டு நிர்வாகத்துக்கு போன் எடுத்தால் பாட்டு மட்டும் ஓடும்.

அப்போதுதான் அந்தக் கொரியப் போதகர் வந்தார். முன்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைக்கு வந்து இங்கேயே வயதாகிப்போன கொரியர்களின் சிறிய சபை அவருடையது. நாலாம் மாடியில் இருந்த, தன் சபையைச் சேர்ந்த ஓர் அம்மாவைப் பார்க்க வந்தவர், எல்லோர் கதவையும் தட்டினார்.

மதம் மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "நாங்கள் சைவம்" என்று டொச் மொழியில் சொல்லிக் கதவைச் சாத்தப் போனேன்.

"நான் லிஃப்டைப் பற்றிக் கேட்க வந்தேன்" என்றார்.

இளம் வயதில் கொரியாவின் சோல் நகரத்தில் குடிசைகளை இடிக்க வந்த இயந்திரங்களின் முன்னால் சனங்களோடு படுத்துக் கிடந்தவர். ஏழைகளை ஒருவன் விரட்டும்போது கடவுளும் அவர்களோடு தெருவுக்கு வருகிறார் என்பார். ஞாயிறு ஆராதனையை எங்கள் மாடிப்படிகளில் நடத்தினார். துருக்கியரும் சிரியரும் நானும் படிகளில் இருந்தோம். கணவருக்குப் பாட்டுக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன்.

பிறகு, கட்டடத்தின் சொந்தக்கார நிறுவனத்தைத் தேடி எல்லோருமாகப் பதாகைகளோடு ரயிலேறினோம். அந்த முகவரியில் ஒரு தபால்பெட்டி மட்டும் இருந்தது. அலுவலகமும் இல்லை, ஆளும் இல்லை. யாரைப் பார்த்துச் சத்தம் போடுவது? போதகர் பதாகையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோலில் இயந்திரம் ஓட்டியவனுக்காவது ஒரு முகம் இருந்தது" என்றார்.

வழக்குப் போட்டார். நகரசபைக்கு அலைந்தார். அதற்குள் கணவர் குளியலறையில் விழுந்தார். இனி அந்த வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"இஞ்சாருமப்பா, என்னை ஹைமில விட்டிடாதையும்" என்று கையைப் பிடித்தார்.

"ஆறு மாடி உங்களைத் தூக்க என்னால ஏலாதப்பா."

முதியோர் இல்லத்தில்தான் விட்டேன். வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது, சில நாள் போதகர் எனக்கு முன்பே வந்து கட்டிலருகே இருப்பார். பக்கவாதத்தோடு கணவருக்கு டொச் மறந்துபோய்த் தமிழ் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"எப்ப வீட்ட போறது எண்டு இவரைக் கேளும்" என்பார் என்னிடம்.

நான் டொச்சில் சொல்வேன். வழக்கு மறுபடியும் தள்ளிப்போன செய்தியோடு வந்திருக்கும் போதகர், கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்வார்.